‘தசை சோர்ந்தது’ என்று எழுதுமுன்: ஒரு திறந்த மடல்

கொழும்பில் மருத்துவ, விளையாட்டு விஞ்ஞான ஆய்வு முன்மொழிவுகளை மதிப்பிடும் குழுவினருக்கும் ஆய்வுகூடப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மூலிகைச் சாறு தசைச் சோர்வைக் குறைக்குமா, நீரிழிவில் பிடிவலு எவ்வளவு குறைகிறது என்பன போன்ற முன்மொழிவுகள் உங்கள் மேசைக்கு வருகின்றன. மாதிரி எண்ணிக்கையையும் புள்ளிவிபரத்தையும் பற்றி நீங்கள் துருவிக் கேட்கிறீர்கள். விசையை அளக்கும் முறையோ இரண்டு வரியில் கடந்துபோகிறது. அந்த இரண்டு வரிக்குள் எதைத் தேட வேண்டும் என்று சொல்லவே இம்மடல்.

முதலில், விலங்கிலிருந்து பிரித்தெடுத்துக் கரைசலில் தொங்கவிடும் தசை. ‘வெப்பநிலை 25 பாகை’ என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் குளிர்நாட்டுக் கட்டுரைகளிலிருந்து வந்தது. சாதாரண நீர்த்தொட்டிக்குச் சூடாக்க மட்டுமே தெரியும். ஏசி நின்றால் கொழும்பில் அறை 30 பாகையைத் தொடும். முகப்பில் என்ன எண்ணை வைத்தாலும் தொட்டியும் அங்கேதான் நிற்கும். சூடு கூடினால் ஒற்றைத் துடிப்பு (ஒரு மின்தூண்டலுக்குத் தசை தரும் சுருக்கம்) விரைந்து ஏறி விரைந்து தளரும். அதனால் துடிப்புகள் இணைந்து முழுச் சுருக்கமாவதற்குக் கூடிய தூண்டல் அதிர்வெண் வேண்டும். காலையில் கட்டுப்பாட்டுத் தசை, பிற்பகலில் மருந்திட்ட தசை என்று வேலை நடந்தால், மருந்துக்குச் சம்பந்தமில்லாத வித்தியாசம் தரவுக்குள் புகுந்துவிடும். குளிரூட்டும் சுற்றோட்டக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 32 பாகை என்று எழுதி அதைத் தளம்பாமல் பிடித்துவைப்பதே நேர்மை.

சூட்டோடு இன்னொரு சிக்கலும் வரும். கரைசலிலிருந்து ஒட்சிசன் தசையின் மேற்பரப்பு வழியாக மட்டுமே உள்ளே பரவுகிறது. பருமனான எலித்தசையை 37 பாகையில் வைத்தால் நடுப்பகுதி ஒட்சிசனின்றித் தவிக்கும்; அப்போது விசை விழுவது சோர்வினால் அல்ல. சுண்டெலியின் மெல்லிய தசைகளே இதற்குப் பாதுகாப்பானவை. எப்படியானாலும், சோர்வடையச் செய்யாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் தூண்டிய தசையின் விசை ஒரு மணிநேரம் நிலைத்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு வரைபு இல்லாத சோர்வு ஆய்வை நாங்களாயின் திருப்பி அனுப்புவோம்.

தசையைத் தொங்கவிடும் உப்புக் கரைசலான கிறெப்ஸ் கரைசல் கலங்கினால் பெரும்பாலும் கலக்கும் ஒழுங்குதான் பிழை. இருகாபனேற்றும் பொசுபேற்றும் உள்ள கரைசலுக்கு 95 வீத ஒட்சிசன், 5 வீத காபனீரொட்சைட்டுக் கலவையை அரை மணிநேரம் குமிழியிட்டு, பீஎச் 7.4க்கு வந்த பிறகே கல்சியம் குளோரைட்டைச் சேர்க்க வேண்டும்: லீற்றருக்கு 1 மோலார் கரைசலில் 2.5 மில்லிலீற்றர். முன்னரே சேர்த்தால் காரத்தன்மையில் கல்சியம் வீழ்படிவாகும். தசைக்குக் கிடைக்கும் கல்சியம் எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கலவை வாயுச் சிலிண்டர் இல்லாதபோது வெறும் ஒட்சிசனைக் குமிழியிடுவதும் இதே கேட்டில்தான் முடியும்.

விசைமானியைத் தொங்கவிட்ட எடைகளால் ஒவ்வொரு பரிசோதனை நாளிலும் அளவு சரிபார்க்க வேண்டும். கொழும்பில் ஈர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.78; 9.81 என்று போட்டால் வரும் வழு 0.3 வீதம்தான், அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. நூலின் முடிச்சு வழுகினால் வரும் வழு அதைவிடப் பன்மடங்கு. தசைநாணை இறுகக் கட்டி, துடிப்பின் விசை உச்சமாகும் நீளத்தைக் கண்டு, தூண்டல் மின்னழுத்தத்தைக் கூட்டியும் விசை இனி ஏறாது என்ற நிலைக்குச் சற்று மேலே வைக்க வேண்டும்.

கணக்கில் நாங்கள் அதிகம் காணும் பிழை குறுக்குவெட்டுப் பரப்பில். 10 மில்லிகிராம் நிறையும் 12 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட சுண்டெலியின் ஈ.டி.எல் தசை (கால்விரல்களை நீட்டும் கீழ்க்கால் தசை) 400 மில்லிநியூட்டன் தருகிறது என்று வையுங்கள். அதன் நார்நீளம் தசைநீளத்தின் 0.44 பங்கு, அதாவது 5.28 மில்லிமீற்றர். அடர்த்தி கன சென்றிமீற்றருக்கு 1.06 கிராம் என்று எடுத்தால் பரப்பு 1.79 சதுர மில்லிமீற்றர். சதுர சென்றிமீற்றருக்கு 22 நியூட்டன் வரும். முழுத் தசைநீளத்தால் வகுத்தால் அது 51 ஆகிவிடும். அட்டவணையில் இப்படியான எண் நின்றால் தசை வலிமையானது என்று மகிழ வேண்டாம்.

இன்னொன்று: நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இரைச்சலை வெட்ட விசைப் பதிவில் 50 ஹேர்ட்ஸ் வடிகட்டியைப் போட்டால், 50 ஹேர்ட்ஸ் தூண்டலில் வரும் சிற்றலைகளும் அதனோடு போய்விடும்; முழுமையாக இணையாத சுருக்கம் இணைந்ததுபோல் தெரியும். புவித்தொடுப்பைச் சீர்செய்யச் சொல்லுங்கள்.

சோர்வுக்கு வருவோம். 40 ஹேர்ட்ஸில் 330 மில்லிசெக்கன் தூண்டலை ஒவ்வொரு செக்கனும் கொடுத்து, 2 நிமிட முடிவிலுள்ள விசையைத் தொடக்க விசையால் வகுப்பது 1973இல் பேர்க் குழுவினர் பயன்படுத்திய முறை. அது நல்ல முறைதான். ஆனால் மீட்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. 1977இல் எட்வேர்ட்ஸ் குழுவினர் காட்டிய தாழ்அதிர்வெண் சோர்வில் உயர்அதிர்வெண் விசை மீண்டுவிடும். 20 ஹேர்ட்ஸ் விசை மணிக்கணக்காகத் தாழ்ந்தே கிடக்கும். ஒரே அதிர்வெண்ணில் அளப்பவர் இதைக் காணவே மாட்டார்.

மனிதரில் நிலைமை மேலும் சிக்கலானது. ஒருவர் முழுப்பலத்தோடு இழுக்கும் விசை குறைந்தால் குறைந்தது தசையா, நரம்பின் உந்தலா? 1954இல் மேர்ட்டன் காட்டிய வழி இன்றும் போதும்: உச்ச இழுவையின் நடுவே ஒரு மின்தூண்டல், தளர்ந்த 2-3 செக்கனில் இன்னொன்று. முதலாவதால் கூடும் விசையை இரண்டாவதன் விசையால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் தன்னிச்சைத் தூண்டலின் பங்கு கிடைக்கும். இதைச் செய்யாதவர் ‘விசை குறைந்தது’ என்று எழுதட்டும். ‘தசை சோர்ந்தது’ என்று எழுத வேண்டாம். சைக்கிள் மிதித்துச் சோர்ந்தவர் இறங்கி, விசை அளக்கும் கதிரைக்கு நடக்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே சோர்வின் பெரும்பங்கு மீண்டுவிடும் என்பதையும் கேள்வியாகக் கேளுங்கள்.

பிடிவலுவுக்கு, கையால் இறுக்கி அளக்கும் ஜமார் மானி போதும்: இரண்டாம் கைப்பிடி நிலை, முழங்கை 90 பாகை, மூன்று தடவை. முதுமைத் தசைத்தேய்வுக்கான ஆசியப் பணிக்குழுவின் 2019 எல்லைகளின்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் பிடிவலு குறைவு. எல்லைக்கருகில் நிற்பவர்களை 2 கிலோ பிழைகாட்டும் மானி நோயாளியாக்கிவிடும். ஊக்குவிக்கும் சொற்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முன்கூட்டியே எழுதப்பட்டு, ஒரே உரப்பில் சொல்லப்பட வேண்டும். சத்தமாக ஊக்குவித்தால் விசை கூடும்.

எனவே விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கத்தைச் சேர்க்கும்படி கேட்கிறோம்: அளவு சரிபார்த்த திகதியும் எடைகளும், பதிவான வெப்பநிலை, பரப்பைக் கணித்த சூத்திரம், வடிகட்டி விபரம், திருத்தாத மூலப்பதிவு ஒன்று. இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இங்ஙனம்,
தசை உடற்றொழிலியல் ஆய்வில் பணிபுரிவோர் சிலர்,
கொழும்பு