பஞ்சு வரிக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"ஜவுளித் துறைக்கு நம்ம ஊர்க்காரர் அமைச்சராக வந்துவிட்டால் நூல் விலைப் பிரச்சினை ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும்" என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் அறியாதது ஒன்றுமில்லை. ஆனால் சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களும் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதை நம்பி அடுத்த மனுவையும் தப்பான ஆபீசுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள்.

நூல் விலை பஞ்சு விலையைப் பிடித்துக்கொண்டுதான் போகும். இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தது 2021 பிப்ரவரி பட்ஜெட்டில். போட்டது நிதி அமைச்சகம். 2022 ஏப்ரல் 14 முதல் அக்டோபர் 31 வரையும், 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரையும் விலக்குக் கொடுத்ததும் அவர்களேதான். 1962ஆம் வருடச் சுங்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் வருவாய்த் துறை ஓர் அறிவிக்கை வெளியிட்டால் வரி நின்றுவிடும். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரு சார்புச் செயலரின் கையெழுத்து. ஜவுளி அமைச்சர் செய்யக்கூடியது பரிந்துரைத்துக் கடிதம் எழுதுவது! பஞ்சு ஆதரவு விலையை வேளாண் அமைச்சகத்தின் கீழுள்ள விலை ஆணையம் சிபாரிசு செய்ய, பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு முடிவு செய்கிறது. ஜிஎஸ்டி என்றால் மாநில அமைச்சர்களும் உட்காரும் கவுன்சில். வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால் வர்த்தக அமைச்சகம். ஜவுளி அமைச்சகத்திடம் இருக்கும் பெரிய பிடி, இந்தியப் பருத்திக் கழகம் வாங்கி வைக்கும் பஞ்சு. அது மில்லுக்கு எப்போது, என்ன விலைக்கு வெளியே வருகிறது என்று கேட்டு எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பேன். அதைப் பற்றித்தான் ஒரு வரி இல்லை.

எந்த வேலை எந்த அமைச்சகத்துக்கு என்பது அரசியலமைப்பின் 77(3) பிரிவில், 1961இல் போட்ட விதிகளின்படி பிரித்துக் கொடுத்தது. ஊர்ப் பாசத்தால் மாறாது. நம்ம கோபிச்செட்டிபாளையம் எம்.பி.யே ஜவுளித் துறை இணை அமைச்சராக இருந்தாரே, மறந்துவிட்டீர்களா? இணை அமைச்சர் கேபினட் கூட்டத்தில் உட்காருவதில்லை, கூப்பிட்டால்தான் போக முடியும். எந்தக் கோப்பு அவரிடம் வரும் என்பதும் மேலே இருக்கும் அமைச்சர் பிரித்துக் கொடுப்பதைப் பொறுத்தது.

2024 ஜூனில் "72 கேபினட் அமைச்சர்கள்" என்று தலைப்புப் போட்டீர்கள். பிரதமர் போக கேபினட் 30 பேர், துறையைத் தனியாகக் கவனிக்கும் தனிப்பொறுப்பு இணை அமைச்சர் 5, மற்ற இணை அமைச்சர் 36. 2021இல் நாமக்கல்காரர் ஒருவர் எம்.பி. ஆகாமலே பதவியேற்றபோது சட்டத்துக்கே விரோதம் என்று கொதித்தீர்கள். அரசியலமைப்பின் 75(5) பிரிவு எம்.பி. ஆக ஆறு மாத அவகாசம் தருகிறது; அதற்குள் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போய்விட்டார். மறுப்புப் போட்டீர்களா? நான் பார்க்கவில்லை.

அமைச்சர் பதவியில் "மண்டலத்துக்கு ஒதுக்கீடு" என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அரசியலமைப்பின் 91ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மத்திய அமைச்சர்கள் எண்ணிக்கை 543 மக்களவை இடங்களில் 15 சதவீதம், அதாவது பிரதமரையும் சேர்த்து 81 பேருக்கு மேல் போக முடியாது. அதற்குள் கூட்டணிக் கட்சி, மாநிலம், சாதி, மாநிலங்களவை என்று எல்லாரையும் அடக்க வேண்டும். 1947இல் நேரு நம்ம கோவை சண்முகம் செட்டியாரை நிதி அமைச்சராக்கினாரே, அவர் காங்கிரஸ்காரர்கூட இல்லை. வேலை தெரிந்தவர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்புறம் "பிரதமரின் ஒரு கையெழுத்து போதும்" என்ற பல்லவி. மத்திய அரசின் அலுவல் நடத்தை விதிகளில் 12ஆவது விதி இருக்கிறதுதான்: அவசரமென்றால் அமைச்சரவையைக் கூட்டாமல் பிரதமர் முடிவெடுக்கலாம், பிறகு அமைச்சரவை ஒப்புதல் வாங்க வேண்டும். 2019 நவம்பர் 23 விடிகாலையில் மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விலக்கியது இப்படித்தான். ஆனால் நெருக்கடி நிலைக்கு இந்த வழி கிடையாது. 1975இல் அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தகவல் போனது. அதனால் 44ஆவது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் உண்டு என்று கட்டிப்போட்டது. பஞ்சு வரிக்கு இதெல்லாம் எதற்குங்க?

கேட்பது இவ்வளவுதான். இனி அமைச்சர் பட்டியல் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் கேபினட்டா, தனிப்பொறுப்பா, இணை அமைச்சரா என்று ஒரு வார்த்தை சேருங்கள். பஞ்சு வரிக்கு மனுப் போடச் சொல்லி எழுதினால், "வருவாய்த் துறை, நிதி அமைச்சகம், புது டெல்லி" என்று முகவரியையும், நகல் மட்டும் ஜவுளி அமைச்சகத்துக்கு என்பதையும் அச்சிடுங்கள். இனி விலக்கு வந்தால், அது முடியும் தேதிக்கு முன்பே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சோமனூர்.