அறுப்புக்காரனின் வஸ்திரம்

அன்புள்ள ஒபதியா,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. வைவதாக இருந்தால் இப்போதே வைது முடித்துவிடு, கடிதம் நீளம். வீட்டில் எல்லோரும் சுகம். அவளுக்கு முழங்கால்வலி பரவாயில்லை. சின்னவன் வேலையை விட்டுவிட்டான், அதைத் தனியாக எழுதுகிறேன்.

போன மாதம் சபை ஐயர் ஊரில் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். சிரிக்காதே. பைபிளில் சின்னத் தீர்க்கதரிசிகள் பெயரை வரிசையாகச் சொல்லும்போது, உன் பெயர்க்காரன் ஒபதியாவை மட்டும் விட்டுவிட்டுப் பிரம்படி வாங்கிய அதே நான்தான். அதே வரிசையில் வருகிற ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்தேன். "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும்" என்று எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற வசனம்தானே, அரை மணி நேரம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஓட்ட முடியவில்லை மக்கா. நாம் தாமிரபரணியை மனதில் வைத்துக்கொண்டு படித்துவிட்டோம். ஆமோஸ் ஊர்ப் பக்கத்து ஓடைகளில் முக்கால்வாசி மழைக்கு ஓடிவிட்டு, வெயிலுக்குக் கூழாங்கல் காட்டுகிறவை. அதனால்தான் "வற்றாத" என்று அழுத்திச் சொல்கிறான். நியாயம் என்று அவன் சொல்வதும் ஆகாயத்தில் இருப்பதல்ல. ஊர்வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார்களே, அந்தத் தீர்ப்பு. அங்கேதான் கைக்கூலி வாங்கிக்கொண்டு ஏழையின் வழக்கைப் புரட்டினார்கள்.

ஆள் தெக்கோவாக்காரன், பெத்லகேமுக்குத் தெற்கே, வனாந்தரத்து ஓரம். ஆடும் காட்டத்திப்பழமும்தான் பிழைப்பு. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தன் யூதா நாட்டு எல்லை தாண்டி வடக்கே இஸ்ரவேல் நாட்டுப் பெத்தேலுக்குப் போய், ராஜாவின் கோயிலில் நின்று கத்துகிறான். அங்கே இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் காலம், நாடு கொழித்துக் கிடந்தது. தலைநகர் சமாரியாவைத் தோண்டியபோது தந்தச் செதுக்கல்கள் கிடைத்திருக்கின்றன; தந்தக் கட்டில்களில் படுத்துக் கிடக்கிறீர்களே என்று அவன் வைதது சும்மா இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அவன் கடைத்தெருவுக்கு வருகிற இடம். ஓய்வுநாள் எப்போது முடியும், கடை திறக்கலாம் என்று காத்திருக்கிற பக்திமான்கள்! தானியம் அளக்கிற எப்பாவைச் சின்னதாக்கி, சேக்கல் எடைக்கல்லைப் பெரிதாக்கிவிட்டார்கள். அப்போது அங்கே நாணயம் கிடையாது, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். போடுவதில் குறைவு, வாங்குவதில் கூடுதல். போதாததற்குக் கோதுமைப் பதரையும் விற்றார்கள். ஆசாரியன் அமத்சியா, யூதாவுக்கு ஓடிப்போ, உன் அப்பத்தை அங்கே தின்னு என்று துரத்தினான். பிரசங்கியாருக்குச் சம்பளத்தை நினைவுபடுத்துகிற வழக்கம் அன்றே இருந்திருக்கிறது, பார்.

என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டாம் அதிகாரம். அடகு வாங்கின வஸ்திரத்தை விரித்துப் பீடத்தண்டையில் படுத்துக்கொள்கிறார்களாம். ஏழையின் மேலாடைதான் ராத்திரிக்குப் போர்வை, பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்பது யாத்திராகமத்துச் சட்டம்.

இதைத் துருவியபோது ஓர் ஓட்டுச்சில்லைப் பற்றிப் படித்தேன். 1960இல் இஸ்ரேலில் யாவ்னே-யாம் பக்கத்தில், கடலோரக் கோட்டை இடிபாட்டில் எடுத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கடைசி, ஆமோஸ் செத்து நூறு வருஷத்துக்கும் மேலே. அறுப்புக்கூலி ஒருவன் அதிகாரிக்கு மனுக் கொடுக்கிறான், எபிரேயத்தில், மையால். அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன். ஒசாயாகு என்கிறவன் வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள். என்மேல் குற்றமில்லை, வஸ்திரத்தை வாங்கிக் கொடுங்கள். வஸ்திரம், வஸ்திரம் என்று திரும்பத் திரும்ப அதையே சொல்கிறான். கடைசியில், திருப்பித் தருவது உங்கள் கடமை இல்லையென்றாலும் இரக்கமாவது காட்டுங்கள் என்று வருகிறது. அதற்கப்புறம் ஓடு உடைந்திருக்கிறது.

இதைச் சொன்னபோது கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை. வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ரூமைத் திறந்தேன். மூலையில் சாக்குப்பை.

நீ அனுப்பிய கொத்தனாருடையது. எட்டாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு சுற்றுச்சுவரைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவன், பங்குனியில் சாமான் கேட்டு வந்தான். கரண்டி இல்லாமல் எந்த வேலைக்குப் போவேன் சார் என்றான். பணத்தை வைத்துவிட்டுப் பையை எடு என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். அவன் செய்ததும் தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உபாகமம் 24இல் திரிகைக்கல்லை அடகு வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்குவதுபோல என்றிருக்கிறதே. அந்த வசனத்தைப் பிரசங்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன்; நேரமில்லை என்று நானே அடித்துவிட்டேன். நேரம் இருந்தது.

பையில் தூக்குக்குண்டும் கிடக்கிறது. ஆமோஸ் ஏழாம் அதிகாரத்தை நீயே எடுத்துப் படித்துக்கொள், நான் சொல்லமாட்டேன்.

அவன் நம்பர் போகவில்லை. உன் கொழுந்தியா வீட்டுக் கார் ஷெட்டைக் கட்டியது அவன்தானே? இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்து உடனே எழுது. பையை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எட்டாயிரத்தைப் பற்றி நீ பேச்செடுக்காதே.

உன்
பிரம்படிக்காரன்