பர்கூர் மலை மலையாளி மக்களுக்கு எஸ்டி சான்றிதழ் கேட்டு மறுபடியும் மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: பர்கூர் மலை மலையாளி மக்கள், அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்

ஐயா வணக்கமுங்க,

மலையாளின்னா கேரளாக்காரங்க இல்லீங்க, தமிழ் பேசற மலை சனம் நாங்க. எஸ்டி சர்டிபிகேட் கேட்டு முன்னாடியே மனு குடுத்திருக்கோம், ரசீது கைல இருக்கு, பதில்தான் வரல. தாமரைக்கரை வழியா நீங்க ஏறி வந்து பாத்த மலைதான், வழி சொல்ல வேண்டியதில்லீங்க.

1. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் ஒண்ணு சேர்ற பக்கம் நம்ம மலை. பாலாறு தாண்டுனா கர்நாடகா. கிழக்க பாலமலை, அது சேலம் மாவட்டம். கோடு மேப்லதான் இருக்கு, நாங்க பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குற சனம்.

2. எஸ்டி லிஸ்ட்ல மலையாளின்னு பேர் இருக்கு, ஆனா தர்மபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டைன்னு பழைய ஜில்லா பேர போட்டு எழுதிட்டாங்க. அப்ப நம்ம மலை கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. 1979ல ஈரோடு தனியா பிரிஞ்சும் நாங்க வெளியவே நிக்கறோம். இதே மலையில சோளகர் பசங்களுக்கு எஸ்டி சர்டிபிகேட் இருக்கு, அது நியாயம், எங்களுக்கு ஏன் இல்லன்னுதான் கேக்கறோம்.

3. எங்க வீட்டுக் கதையவே சொல்றேன், எங்க அக்காவ பாலமலையில கட்டிக் குடுத்தோம். அக்கா பொண்ணும் எம்பொண்ணும் ஒரே வருஷம் பிளஸ் டூ பாஸ். அந்தப் புள்ள சர்டிபிகேட் வச்சு ஸ்காலர்ஷிப்போட காலேஜ் போகுது. எம்பொண்ணுக்கு அப்ளிகேஷன் போட அந்தியூர் எறங்குனோம், நெட் சென்டர் தம்பி கம்யூனிட்டி கட்டம் வந்ததும் சர்டிபிகேட் நம்பர் சொல்லுங்கன்னாரு, புள்ள என் மூஞ்சிய பாத்துச்சு, நான் என்னத்த சொல்றது ஐயா, அக்காவும் நானும் ஒரே வயித்துல பொறந்தோம், அவ புள்ள பழங்குடி எம்புள்ள இல்லியா, இத எந்த ஆபீசர்கிட்ட கேட்டாலும் மேல எழுதியிருக்கோம்னு ஒரே பதில், மேலன்னா எங்க, இதுக்கு மேல மலைதான இருக்கு! இப்ப புள்ள திருப்பூர் பனியன் கம்பெனில செக்கிங் வேல பாக்குது. படிக்கற புள்ளைங்க ஐயா. ஒண்ணு ரெண்டு இல்ல.

4. 2006 வன உரிமை சட்டத்துலயும் இதே கததான். எஸ்டின்னா 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து காட்டுல இருந்தா போதும், நாங்கன்னா 75 வருஷம் இருந்ததுக்கு ஆதாரம் கேக்கறாங்க. எங்க தாத்தனுக்கு யாரு பட்டா குடுத்தாங்க?

5. எஸ்டி லிஸ்ட்ட பார்லிமெண்ட்லதான் திருத்தணும்னு எங்களுக்கும் தெரியுமுங்க. ஆனா இங்கிருந்து பரிந்துரை போனாத்தான் அங்க பேசுவாங்க. உதகை பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்துல இருந்து ஆள் வந்து நம்ம ஊருகள பாக்கட்டும், பாலமலையையும் பாக்கட்டும், ரிப்போர்ட்ட அரசுக்கு அனுப்புங்க. அனுப்பியாச்சுன்னா எந்த தேதி, என்ன நம்பர்னு எழுத்துல குடுங்க. தயவு பண்ணி இந்த தடவ பதில் போடுங்க ஐயா, அடுத்த அட்மிஷன் ஆரம்பிக்கறதுக்குள்ள போடுங்க.

இப்படிக்கு,
பர்கூர் மலை மலையாளி மக்கள்

இணைப்பு: பழைய மனு ரசீது நகல், பிளஸ் டூ மார்க்சீட் நகல்