அட்டையின் பின்பக்கத்து ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பதிப்பில் சாக்சபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளமன்ஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒன்பது வயதில் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை ரயில் கேட்டவருக்கு அப்பா சாக்சபோன் வாங்கித் தந்த கதையைக் காணோம். எனக்குப் பிடித்ததே அதுதான்!

கிளமன்ஸ் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் 1972இல் சேர்ந்தார். 2011இல் 69 வயதில் இறந்தார். 1975இல் வந்த இசைத்தட்டின் முன் அட்டையில் ஸ்பிரிங்ஸ்டீன் யார் தோளிலோ சாய்ந்திருப்பார். அட்டையை விரித்தால்தான் அந்தத் தோள் கிளமன்ஸுடையது என்று தெரியும்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டத்தில் என் பெரியப்பா காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பார், சனிக்கிழமை இரவு கல்யாணங்களில் சாக்சபோன் ஊதுவார். நாயனக்காரர் சீவாளியைப் பார்ப்பதுபோல சாக்சபோனின் ஊதுவாயில் பொருத்தும் ரீடை விளக்கில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் வாயில் வைத்து எச்சிலில் ஊறவைப்பார். பிள்ளைகள் நாங்கள் மூக்கைச் சுளிப்போம். கல்யாணப் பத்திரிகையில் குழுவின் பெயர் இருக்கும். அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

அமெரிக்கக்காரரைப் பற்றி எழுதினீர்கள், சரி. தோட்டத்து வாத்தியக் குழுக்காரர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்களேன். படம் வேண்டுமானால் என்னிடம் ஒன்று இருக்கிறது. பெரியப்பா ஓரத்தில், பாதிதான் விழுந்திருக்கிறார்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா