எந்தச் சவாரியில் என்ன தப்பு என்று சொல்லுங்கள்

சவாரி புக் செய்யும் செயலி நிறுவனத்தில் ஓட்டுநர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் ஐடி பிளாக் ஆன விவரம் உங்களிடமே இருக்கிறது, அதனால் முழுக் கதையும் சொல்லவில்லை. காரணம் என்று 'சந்தேகத்துக்குரிய நடவடிக்கை' என ஒரே ஒரு வரி வந்தது. மேல்முறையீடு செய்யச் சொன்னீர்கள், செய்தேன். ஒரு எழுத்து மாறாமல் திரும்பவும் அதே வரி, கூடவே டிக்கெட் க்ளோஸ் ஆகிவிட்டது என்ற தகவல்.

மேல்முறையீட்டை எப்படி எழுத வேண்டும் என்று ஸ்டாண்டில் எல்லாருமே சொல்லித் தருகிறார்கள். சுருக்கமா எழுது, வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டாதே, கோபப்படாதே, தேதி, சவாரி எண், போட்டோ எல்லாம் வைத்து அனுப்பு. சரி, நல்ல யோசனைதான். ஆனால் எந்தத் தேதி, எந்தச் சவாரி? பிளாக் ஆன அன்றைக்கே பழைய சவாரி விவரங்களும் பூட்டிக்கொண்டன. செயலியைத் திறந்தால் அந்த ஒரு வரி, கீழே 'உதவி' என்று ஒரு பட்டன், அழுத்தினால் திரும்ப அதே பக்கம். போன வழி, நேரம், வாங்கிய கட்டணம் என்று எனக்காகப் பேசக்கூடிய ஆதாரம் முழுக்க உங்கள் கையில் இருக்கும்போது நான் எதை வைத்து நிரூபிப்பேன்?

நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நின்றதால் புளியந்தோப்பிலிருந்து பெரம்பூர் வழியாகச் சுற்றி வந்தேனே, அந்தக் கூடுதல் கிலோமீட்டரா? எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி வண்டி நகராமல் நின்றதா? ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நடக்க முடியாத ஒரு பெரியவருக்காகக் காத்திருந்து, கடைசியில் அவர் மகன் சவாரியைக் கேன்சல் செய்தாரே, அதுவா? எதுவாக இருந்தாலும் அரைப் பக்கத்தில் பதில் எழுதிவிடுவேன், ஆனால் எது என்று நீங்கள் சொன்னால்தானே எழுத முடியும்.

1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய பகுதி இது. மெமோ கொடுத்தால் அதில் குற்றம் என்ன என்று எழுதியிருக்க வேண்டும் என்பது இங்கே மில்லிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கர்நாடகத்தில் 2025இல் வந்த சட்டம், உங்களைப் போன்ற நிறுவனங்கள் ஒருவரை நீக்குவதற்கு முன் எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 கடைசியில் செயலி வழியாக வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்காக நல வாரியம் அமைத்தார்கள், சந்தோஷம். ஆனால் காரணம் சொல்லாமல் பிளாக் செய்யக் கூடாது என்ற கட்டாயமும் இங்கே வர வேண்டும். அது வரும்வரை காத்திருந்தால் வண்டி டியூவுக்கு யார் பதில் சொல்வது? ஃபைனான்ஸ்காரர் என் மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்.

கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான். எந்தச் சவாரி, அதில் என்ன புகார் என்று எழுதி அனுப்புங்கள். அந்தச் சவாரியின் விவரத்தை நான் பார்க்கத் திறந்துவிடுங்கள். என் பதிலை ஒரு மனிதர் படிக்கட்டும், படித்தவர் தமிழில் ஒருமுறை போன் செய்து பேசட்டும். புகாரே இல்லையென்றால் ஐடியைத் திறந்துவிடுங்கள், நாளைக்குக் காலையிலேயே வண்டி எடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடி ஆட்டோ ஓட்டுநர்