வெளுப்பு யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு முகப்பூச்சு விளம்பரங்கள் அருகருகே. வெள்ளைக்காரப் பெண் வெயிலில் நின்று மேனியைப் பழுப்பாக்குகிறாள்; சீனப் பெண்ணோ குடைக்குள் நின்று 'வெண்மை' பூசுகிறாள். அவள் நேராக நம்மைப் பார்க்கிறாள், இவள் தலைசாய்த்து நாணுகிறாள். என் மகளின் நிறத்தில் ஒருத்தியும் இல்லை.

2020இல் யூனிலீவர், 'ஃபேர் அண்ட் லவ்லி'யை 'குளோ அண்ட் லவ்லி' ஆக்கியது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறோம். (நானும் கேட்டவள்தான்.)

போன வாரம் ஒரு கடையில் விற்பனைப் பெண் என் 14 வயது மகளிடம், "இதப் போட்டா கருப்பு கொறையும்மா" என்றார்.

"எதுக்குக்கா கொறையணும்?" என்றாள் மகள்.

பதிலுக்கு ஒரு சாம்பிள் பாக்கெட் கிடைத்தது.

ஒரு தாய், ஈசூன்