பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதே, மச்சான்

கிள்ளான்

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சி கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்து சேர்ந்தது, அதற்குள் பாதி போத்தல் காலி. அப்பாவின் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியாக எழுது. பாப்பாவுக்கு டிசைன் படிக்க இடம் கிடைத்ததில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். லயத்துச் சுவர் முழுக்கக் கரியால் படம் போட்டதற்கு அன்றைக்கு அவளை அடிக்கப் போனாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வாங்க நீ படம் பிடித்து அனுப்பிய கடைப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். மொத்தம் 2,500 வெள்ளி. முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றாய். கட்டாதே. கண்ணாடிக் கேசிங்குக்கும், அதாவது வெளிப்பெட்டிக்கும், ஆறு கலர் விசிறிக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கிவிட்டு, சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளைக்கு ‘500 வாட்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பிராண்டு இல்லை, மாடல் இல்லை. மற்ற எல்லாச் சாமானுக்கும் பெயர் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை. நீ இருப்பதோ சுங்கை சிப்புட். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அங்கே மதியம் திரும்பினால் என்ன இடி இடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பவர் சப்ளையின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 12 வோல்ட் கட்டத்தைப் பார். எழுதியிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்கு. கணக்குப் போடும் புரோசெசரும் திரையில் படத்தை உருவாக்கும் கிராஃபிக் கார்டும் கரண்டு எடுப்பது பெரும்பாலும் அந்தப் பாதையிலிருந்துதான். ஒழுங்கான 550 வாட் சாமானில் 45 ஆம்பியர் அளவில் போட்டிருக்கும், அதாவது 540 வாட். மலிவுச் சாமானில் 18, 20 ஆம்பியர் என்று இருக்கும், 240 வாட்டோடு நின்றுவிடும். மீதியை 3.3 வோல்ட், 5 வோல்ட் பாதைகளில் கணக்குக் காட்டி மேலே 500 என்று அச்சடித்துவிடுவார்கள். பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் கையிலேயே எடுக்காதே. அது பழைய வடிவமைப்பு. நம் கரண்டில் அதை 115-இல் வைத்துப் போட்டால் ‘டப்’ என்று வெடித்துப் போகும். வாங்க வேண்டியது ‘ஆக்டிவ் பிஎஃப்சி’ என்ற, கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட் உள்ளது, 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்றுக்கொள்வது. நம் நாட்டில் வீட்டுக்கு வரும் கரண்டு 230 வோல்ட் என்று சொன்னாலும், 216 முதல் 253 வரை ஏறி இறங்க விதிமுறையிலேயே இடம் உண்டு. தோட்டத்து ஓரத்தில், நீளமான லைனின் கடைசி வீடுகளில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரியும்.

விளக்கு ஒரு கணம் மங்கி மீள்கிறதே, அந்த இடைவெளியைத் தாங்க பவர் சப்ளைக்குள் கரண்டைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. சுமார் 17 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதி. மலிவில் செய்கிறவர்கள் முதலில் சிறிதாக்குவது அதைத்தான். பாப்பா வீடியோ எடிட் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் எல்லாரும் விண்டோஸைத் திட்டுவார்கள், காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கும். இதைவிட மோசம், சாகும்போது அது மற்றதையும் கொண்டுபோவது. வோல்ட் ஏறினால் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு உள்ளே இல்லையென்றால், 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் அதற்கு மேலே போய், எல்லாச் சாமானையும் இணைக்கும் மதர்போர்டும் ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் சேர்ந்து கருகும். ‘80 பிளஸ் புரோன்ஸ்’ என்ற வெண்கல முத்திரை கரண்டு எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. பெட்டியில் ஓவிபி, ஓசிபி, எஸ்சிபி (வோல்ட் ஏறினால், கரண்டு கூடினால், ஷார்ட் ஆனால் துண்டிக்கும் பாதுகாப்புகள்) என்று இருக்கிறதா பார், உற்பத்தியாளர் ஐந்து வருட வாரண்டி தருகிறாரா கேள். உன் 2,500-இல் பத்தில் ஒரு பங்கு, 250 வெள்ளி, இதற்குப் போகட்டும். அதைக் குறைக்காதே.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டில் எர்த், அதாவது கசியும் கரண்டைத் தரைக்கு அனுப்பும் இணைப்பு, இருக்கிறதா? பழைய வயரிங் உள்ள வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், பின்னால் பச்சை மஞ்சள் வயர் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. எர்த் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் கேசிங்கின் இரும்பைத் தொட்டால் விரலில் ஊறுகிற மாதிரி இருக்கும். பவர் சப்ளையின் வாசலில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, மெயின் வோல்ட்டில் பாதி அந்த இரும்பில் வந்து நிற்கும். சாதாரணமாக அது சிறு கசிவுதான், ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே வேறு கோளாறு வந்தால் கரண்டு போவதற்கு வழி இருக்காது. அப்போது வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கிற பிள்ளைதான் வழி. மின்னல் அதிர்வைத் தடுக்கும் சர்ஜ் பிளக்கும் எர்த் இல்லாமல் பாதி வேலைதான் செய்யும், மின்னலின் அதிர்வைத் தரைக்கு அனுப்பத் தரை வேண்டுமே. கம்ப்யூட்டர் வாங்கும் முன்பே பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல். ஃபியூஸ் போர்டில் இருக்கும், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈஎல்சிபியின் டெஸ்ட் பட்டனை நீயே ஒரு தடவை அழுத்திப் பார், கரண்டு விழ வேண்டும்.

இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல். சுவிட்சை அணைப்பது போதாது, அதற்குள் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளிதான். மின்னல் அதைத் தாண்டும். மறக்கிற இடம் எது தெரியுமா? சின்னவன் கேம் விளையாட, திரைக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ கேபிளை ஹால் டிவியில் செருகுவான். அந்த டிவியில் ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவியின் டிகோடர், டிகோடரிலிருந்து கூரை மேல் தட்டுக்குக் கேபிள். பவர் பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் தட்டு வழியாக இறங்கி, டிவியைத் தாண்டி, எச்டிஎம்ஐ வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஆகவே மானிட்டர் தனியாக இருக்கட்டும். டிவியில் செருகினால் விளையாடி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். இன்டர்நெட்டுக்கான லேன் கேபிளும் அப்படியே.

இனி மற்றவை. பட்டியலில் இருக்கும் கோர் ஐ5 12400எஃப் நல்ல புரோசெசர், 6 கோர், 12 திரெட். கோளாறு அந்தக் கடைசி ‘எஃப்’பில். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக் கிடையாது. கார்டு கெட்டால் திரையே வராது, எது கெட்டது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எஃப் இல்லாத 12400-ஐக் கேள். அதில் யுஎச்டி 730 கிராஃபிக்கும், வீடியோவை விரைவாகப் பிரித்துப் போடும் குவிக் சிங்க்கும் இருக்கின்றன, பாப்பாவின் எடிட்டிங்குக்கு அது நேரடிப் பயன். ரைசன் 5 5600ஜி என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பில்லை, உள் கிராஃபிக்கில் கேம் அதில்தான் நன்றாக ஓடும். ஆனால் பின்னால் தனிக் கார்டு போடும் எண்ணம் இருப்பதால் என் கை 12400 பக்கம் சாய்கிறது. பெட்டியோடு வருவதை வாங்கு. ‘டிரே’ என்று தனியாக விற்பதில் விசிறி வராது.

12400-க்குள்ளேயே கிராஃபிக் இருப்பதால், அந்த ஆர்எக்ஸ் 580 கிராஃபிக் கார்டை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. அது 2017-இல் வந்தது. அதிலும் உன் பட்டியலில் ‘2048எஸ்பி’ என்று இருக்கிறது, அதாவது பெயர் 580, உள்ளே 570 அளவு சிப். கிரிப்டோ சுரங்கத்தில் இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள்தான் இப்படிப் புதுப் பெட்டியில் அதிகம் வருகின்றன, கரண்டும் அதிகம் இழுக்கும். சின்னவனின் வேலோரன்ட் கேம் குறைந்த செட்டிங்கில் உள் கிராஃபிக்கிலேயே ஓடும். தீபாவளி போனஸ் வந்ததும் ஆர்எக்ஸ் 6600 ஒன்று பார்க்கலாம், 132 வாட்தான். புரோசெசர் உச்சத்தில் 117, மற்றவை 50 என்று வைத்தாலும் மொத்தம் 300 வாட். 550 வாட் பவர் சப்ளைக்கு அது சுலபம்.

ராம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், அந்த விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். 2025 கடைசியிலிருந்து விலை தாறுமாறாக ஏறிவிட்டது. சிப் தயாரிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறார்கள். மைக்ரான் கம்பெனி தன் குருஷியல் ராம் பிராண்டையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் புதுத் தலைமுறை ராமான டிடிஆர்5 கனவு வேண்டாம். முந்தைய தலைமுறையான டிடிஆர்4 ராமுக்கான போர்டை எடு, டிடிஆர்4 ராம் பழசாக வாங்கினாலும் பரவாயில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடு, ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடு. பட்டியலில் 16 ஜிபி ஒரே துண்டாக இருக்கிறது. 8 ஜிபி இரண்டாக மாற்றச் சொல். தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு பக்கமும் வாளி மாட்டி ரப்பர் பால் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே நடையில் இரண்டு மடங்கு வரும். உள் கிராஃபிக் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ராமையே பயன்படுத்துவதால் இந்த வித்தியாசம் திரையிலேயே தெரியும். மாட்டிய பிறகு, போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய், ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை இயக்கு. இல்லாவிட்டால் 3200-க்குக் காசு கொடுத்து 2400-இல் ஓட்டிக்கொண்டிருப்பாய்.

மதர்போர்டு எச்610 வகை போதும், விலை கூடிய பி660 வரை ஏற வேண்டாம். ஆனால் டிடிஆர்4 எழுத்தா டிடிஆர்5 எழுத்தா என்று பெட்டியில் பார். இரண்டு வகையும் ஒரே பெயரில் வருகின்றன, ராம் மாறிப் போனால் பொருந்தாது. கடையை விட்டு வெளியேறும் முன் பிளாஸ்டிக் மூடியைத் திறக்கச் சொல்லி, புரோசெசர் உட்காரும் சாக்கெட்டின் பின்கள் எல்லாம் நேராக இருக்கின்றனவா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பார். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது. அந்த மூடியைத் தூக்கியும் எறியாதே.

எஸ்எஸ்டி 500 ஜிபி, போர்டிலேயே செருகும் எம்.2 வடிவத்தில், வேகமான என்விஎம்இ வகை. பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் எம்.2 சாட்டா வகையைப் பல எச்610 போர்டுகள் அடையாளமே காணாது. ஷாப்பி ஆன்லைன் கடையில் நம்ப முடியாத விலைக்கு 2 டிபி, 4 டிபி என்று வருவது போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி அளவை மட்டும் பொய்யாகக் காட்டும், நிரம்பியதும் பழைய ஃபைல்கள் மேலேயே எழுதிக்கொண்டு போகும். எதை வாங்கினாலும் உண்மையான அளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டிப் பார்.

கேசிங் முன்பக்கம் கம்பி வலை உள்ளதாக இருக்கட்டும், விசிறி இரண்டு போதும். முன்னால் ஒன்று உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. கண்ணாடியால் அடைத்த முகத்துக்குப் பின்னால் ஆறு விசிறி சுற்றினாலும் காற்று எங்கிருந்து வரும்? பின்பக்க ஸ்லாட் மூடிகளை மலிவு கேசிங்கில் ஒருமுறை உடைத்தால் திரும்ப மூட முடியாது. ஸ்க்ரூ போட்ட மூடி உள்ளதைத் தேர்ந்தெடு. திறந்த ஓட்டையில் பல்லி புகும். சூடான இடம் அதற்குப் பிடிக்கும், இரண்டு பின்னுக்குக் குறுக்கே செத்தால் ஷார்ட் சர்க்யூட்.

கடையிலேயே மாட்டித் தரட்டும் என்று நினைக்காதே, பாப்பாவையே மாட்டச் சொல். முதலில் கேசிங்குக்கு வெளியே, போர்டு வந்த அட்டைப் பெட்டி மேல் வைத்து, புரோசெசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், பவர் சப்ளை மட்டும் இணைத்துத் திரை வருகிறதா பார்க்கட்டும். விசிறியின் நான்கு காலையும் குறுக்குக் குறுக்காக அழுத்த வேண்டும், ‘டக்’ என்று கேட்கும் வரை. ஒரு கால் ஏறாமல் இருந்தால் சில நிமிடங்களில் சூடேறி வேகம் விழும். புரோசெசருக்கான 8 பின் கேபிளை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், விசிறி சுற்றும், திரை வராது. கேசிங்கில் மாட்டும்போது போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் பித்தளைக் கால்கள் இருக்கட்டும், கூடுதலாக ஒன்று இருந்தால் போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும்.

கிராணி வீட்டுத் தம்பி சொல்லும், பழைய சர்வர் புரோசெசர் போட்ட ஸியான் செட்டை எடுக்காதே. 14 கோர் என்று கேட்க நன்றாக இருக்கும். அது 2016 காலத்துப் புரோசெசர், உள் கிராஃபிக் இல்லை, விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. வேலோரன்ட்டும் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், சின்னவன் அழுவான். கையில் 1,500-தான் தேறும் என்றால் ஐ5 8500 போட்ட பழைய ஆபீஸ் டெல் ஒன்றை வாங்கி எஸ்எஸ்டி மாட்டுவது இதைவிட மேல். ஒன்று மட்டும், அதன் பவர் சப்ளையும் போர்டும் டெல்லுக்கென்றே செய்தவை, பின்னால் பெரிய கார்டு போட முடியாது.

ஈப்போவில் இரண்டு கடையில் இதே சாமான்களுக்கு விலை கேள், கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மால் வரை வர வேண்டாம், பெட்ரோலுக்கும் டோலுக்கும் போய்விடும். சொன்னதையெல்லாம் மாடல் எண்ணோடு தனித்தனி வரியாகப் பில்லில் எழுதச் சொல், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். வாங்கும் முன் பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு, சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். வயர்மேன் எர்த்தைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்